ஷிராஸ் (1928): அந்தப் பதக்கம் இல்லாமல் சலீமா ராணியாகியிருப்பாளா?

வைகைக்கரை:

நேற்று இரவு 'ஷிராஸ்' பார்த்து முடித்தேன். 1928இல் வந்த மௌனப் படம். ஜெர்மானியரான ஃபிரான்ஸ் ஓஸ்டன் இயக்கியது, தயாரிப்பு ஹிமான்ஷு ராய், மூலம் நிரஞ்சன் பாலின் நாடகம். பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2017இல் இதைப் புதுப்பித்து அனுஷ்கா ஷங்கரின் இசையோடு வெளியிட்டது. நான் பார்த்தது அந்தப் பிரதிதான். நம் நாட்டு மௌனப் படங்களில் பெரும்பாலானவை அழிந்தே போய்விட்டன. அப்படியிருக்க ஒரு படம் முழுசாக, இவ்வளவு தெளிவாகப் பார்க்கக் கிடைத்தது கொடுப்பினைதான்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பாலைவனத்தில் ஒரு பயணக் கூட்டத்தைக் கொள்ளையர்கள் தாக்குகிறார்கள். பிழைப்பது ஒரு பெண் குழந்தை. ஒரு குயவர் அவளை எடுத்துவந்து தன் மகன் ஷிராஸோடு சேர்த்து வளர்க்கிறார். சலீமா என்று பெயர். வளர்ந்ததும் ஷிராஸுக்கு அவள்மேல் காதல் வருகிறது. அந்த நேரத்தில் அடிமை வியாபாரிகள் அவளைத் தூக்கிப்போய் விற்றுவிடுகிறார்கள். அவள் போய்ச் சேரும் இடம் இளவரசர் குர்ரமின் அரண்மனை. பின்னாளில் ஷாஜகான் ஆகப்போகிறவர். ஷிராஸ் அவளைத் தேடி ஆக்ராவுக்கே போகிறான். இளவரசரும் அவளை விரும்புகிறார். இளவரசரை அடைய நினைக்கும் டாலியா சூழ்ச்சி செய்ய, அரண்மனைக்குள் சலீமாவோடு இருக்கும்போது ஷிராஸ் பிடிபடுகிறான். யானைக் காலில் இடறவைக்கும் தண்டனை. கடைசி நேரத்தில் தப்பிக்கிறான். ஒரு பதக்கம் மூலம் சலீமா அரச குலத்துப் பெண் என்று தெரியவருகிறது. அவள் மும்தாஜ் மகால் ஆகிறாள். காலம் ஓடி அவள் இறந்தபின், அவளுக்கான நினைவு மண்டபத்தை வடிவமைப்பது கண்ணிழந்த கிழவர் ஷிராஸ். அதுதான் தாஜ்மகால்.

வர்க்கம் கடந்த காதலை இவ்வளவு மரியாதையாகக் காட்டிய படம் அந்தக் காலத்தில் வேறு எத்தனை இருந்திருக்கும்? சந்தையில் விலைபோன பெண் முன்னால் இளவரசர் காத்து நிற்கிறார். குயவர் மகனின் காதல் பேரரசரின் காதலுக்குச் சமமாக வைக்கப்படுகிறது. எனக்குத் தெரிந்து படம் சொல்லவருவது அதைத்தான். அன்புக்குப் பிறப்பு கிடையாது.

---

செங்காந்தள்:

படம் நானும் பார்த்திருக்கிறேன். அழகான படம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் கதை சொல்லும்போது "ஒரு பதக்கம் மூலம் தெரியவருகிறது" என்று ஒரே வரியில் தாண்டிப்போய்விட்டீர்கள். படமே அந்த வரியில்தான் இருக்கிறது.

இதில் எல்லை கடக்கும் காதல் இரண்டு. குயவர் மகனுக்கு அரச குலத்துப் பெண்மேல் வருவது ஒன்று. இளவரசருக்கு அடிமைப் பெண்மேல் வருவது இன்னொன்று. முதல் காதல் நிறைவேறவே இல்லை. இரண்டாவது நிறைவேறுகிறது, ஆனால் எப்போது? அவள் அடிமை இல்லை, பிறப்பிலேயே உயர்ந்தவள் என்று நிரூபணம் ஆனபிறகு. அதாவது இளவரசர் எந்த எல்லையையும் கடக்கவில்லை. கடக்க வேண்டிய எல்லையே அங்கே இல்லை என்று படம் சொல்லிவிட்டது. ஒரு மணி நேரமாக நம்மைக் கேள்வி கேட்கவிட்டு, கடைசியில் கேள்வியையே பறித்துக்கொள்கிறது.

உண்மையாகவே எல்லை கடந்து காதலித்தவன் ஷிராஸ் ஒருவன்தான். அவனுக்குக் கிடைத்தது அவளுக்குக் கல்லறை கட்டும் வேலை.

---

பழம்படச்சுருள்:

இருவருக்கும் வணக்கம். செங்காந்தள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பதக்கத்தை வைத்ததற்குப் படம் எடுத்தவர்கள் பக்கமும் ஒரு காரணம் உண்டு.

மும்தாஜ் மகால் வரலாற்றுப் பாத்திரம். இயற்பெயர் அர்ஜுமந்த் பானு. ஆசஃப் கானின் மகள், நூர்ஜகானின் அண்ணன் மகள். 1607இல் நிச்சயம், 1612இல் திருமணம். 1631இல் புர்ஹான்பூரில் 14ஆவது பிரசவத்தில் இறந்துபோனார். தாஜ்மகாலின் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் உஸ்தாத் அகமது லாகூரி. ஆக ஷிராஸ் என்ற குயவர் மகனும் அடிமைச் சந்தையும் முழுக்கக் கற்பனை. அந்தக் கற்பனை கடைசியில் வரலாற்றுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அவள் மும்தாஜ் ஆக வேண்டும் என்றால் பெரிய இடத்துப் பெண்ணாக இருந்தாக வேண்டும். பதக்கம் அந்தத் திருப்பத்துக்கான பாலம்.

இன்னொன்று. ஹிமான்ஷு ராய்தான் தயாரிப்பாளர். நினைத்திருந்தால் இளவரசர் வேடத்தை அவரே எடுத்துக்கொண்டிருக்கலாம். அதை சாரு ராய்க்குக் கொடுத்துவிட்டு அவர் எடுத்துக்கொண்டது குயவர் மகன் வேடம். படத்தின் பெயரும் அவன் பெயர்தான். யானையின் பாதம் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் காட்சியில் படுத்திருப்பது அவரேதான். படத்தின் இதயம் எங்கே இருக்கிறது என்பதை அந்தத் தேர்வே சொல்கிறது என்று நினைக்கிறேன்.

(ஷாஜகான் முடிசூடியது 1628. படம் வந்தது 1928. சரியாக 300 ஆண்டு. திட்டமிட்டதா தற்செயலா தெரியாது, எனக்கு எப்போதும் பிடித்த பொருத்தம்.)

---

செங்காந்தள்:

ஐயா, நீங்கள் சொன்ன ஆண்டுகள் எல்லாம் என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கின்றன.

வரலாற்றுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்பதுதான் கட்டாயம் என்றால் அவளை அடிமையாக்கியே இருக்கக் கூடாது. வரலாறு சொல்வது என்ன? ஒரு இளவரசர், அரசவையில் செல்வாக்குள்ள ஒரு குடும்பத்தில் பெண் எடுத்தார். அவ்வளவுதான். அதில் சந்தை இல்லை, குயவர் வீடு இல்லை. அதையெல்லாம் துணிந்து கற்பனை செய்தவர்களுக்குப் பதக்கம் மட்டும் வரலாற்றின் கட்டாயமாக எப்படி ஆகும்? அதுவும் அவர்கள் கற்பனைதான்.

எல்லை கடக்கும் காதலின் படபடப்பு அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதற்குக் கொடுக்க வேண்டிய விலையைக் கொடுக்க மனமில்லை. அடிமைப் பெண்ணின் கண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். அடிமைப் பெண்ணை அரியணையில் உட்காரவைக்கவில்லை. சலீமா போனபிறகும் அந்தச் சந்தையில் மற்றப் பெண்கள் இருந்திருப்பார்களே, அவர்களிடம் பதக்கம் கிடையாது. அவர்கள் என்ன ஆனார்கள் என்று படம் திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்கு மனசு ஆறாதது அந்த இடத்தில்தான்.

ஹிமான்ஷு ராய் குயவர் வேடம் எடுத்ததைப் பற்றிச் சொன்னீர்கள். நல்ல நடிகர், நல்ல மனசு என்றே வைத்துக்கொள்வோம். கதை அந்தப் பாத்திரத்துக்கு என்ன கொடுத்தது என்பதுதான் என் கேள்வி.

---

வைகைக்கரை:

பதக்கத்தை ஒரே வரியில் தாண்டியது என் தவறுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடிவு அப்படி இருப்பதாலேயே நடுவில் நடந்தது இல்லையென்று ஆகிவிடாது.

கதை எந்த வரிசையில் நடக்கிறது என்று பாருங்கள். இளவரசர் அவளை விரும்புவது அவள் அடிமை என்று நினைத்திருக்கும்போது. வாங்கியவர் அவர். அந்தக் கால வழக்கப்படி அவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அவள் நிமிர்ந்து நிற்கிறாள், அவர் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தைச் சலீமாவாக நடித்த எனாக்ஷி ராமா ராவ் முகத்தை மட்டும் வைத்துச் சம்பாதிக்கிறார். வசனம் கிடையாது, குரல் கிடையாது. மற்ற மௌனப் படங்களில் கையை விரித்துத் தலையைச் சாய்த்து நடிப்பார்களே, அந்த மாதிரி ஒன்றுகூட அவர் செய்வதில்லை. பார்வையைக் கொஞ்சம் தாழ்த்தி உடனே நிமிர்த்துவார். "என்னை விலைக்கு வாங்கியிருக்கலாம், ஆனால் நான் உங்களுடையவள் இல்லை" என்று எழுத்துப் பலகை போட்டிருந்தாலும் அவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

1928இல் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தவரை யோசித்துப் பாருங்கள். ஒரு அடிமைப் பெண்ணை மதித்தபடி ஒரு மணி நேரம் இருந்திருக்கிறார். பதக்கம் வந்ததும் அந்த மதிப்பு பின்னோக்கிப் போய் அழிந்துவிடுமா? மனசு அப்படி வேலை செய்வதில்லை. நான் அவளை மதித்தது குயவர் வீட்டுப் பெண்ணாகத்தான். ராணி என்று தெரிந்தபோது எனக்குக் கூடுதலாக ஒன்றும் தோன்றவில்லை.

---

தென்பொதிகை:

இந்தப் பதக்கம் நமக்குப் புதுசு இல்லையே. படிக்கப் படிக்க எனக்கு எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டுதான் ஞாபகம் வந்தது.

முத்துப்பட்டன் கதை கேட்டிருப்பீர்கள். பட்டன் பிராமணர். பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கை இருவரையும் காட்டில் பார்த்து மனசைப் பறிகொடுக்கிறார். அவர்கள் தோல் வேலை செய்யும் வாலப்பகடையின் மக்கள். பெண்ணைக் கொடு என்று கேட்டால் வாலப்பகடை சும்மா கொடுக்கவில்லை. பூணூலை அறுத்துப் போடு, குடுமியை எடு, செருப்புத் தைத்துக் கொண்டுவா என்கிறார். பட்டன் எல்லாவற்றையும் செய்கிறார். இது கீழே இருப்பவரை மேலே தூக்கும் கதை இல்லை, மேலே இருப்பவர் இறங்கிவர வேண்டிய கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பின்னால் வந்த வடிவங்களில் அந்தப் பெண்கள் இருவரும் பிறப்பால் பிராமணர், கைவிடப்பட்ட குழந்தைகளைப் பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு பிறப்புக் கதை இருக்கிறது. நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை இது பிற்காலத்தில் செருகப்பட்டது என்று வாதிட்டார். மதுரைவீரனும் இதே கதைதான். செருப்புத் தைப்பவர் வீட்டில் வளர்ந்தவன் பொம்மியை மணக்கிறான். அவனும் காசி ராஜாவின் பிள்ளை என்று கதை சொல்லும். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்திலும் ராஜா வீட்டுப் பிறப்பு அப்படியே இருக்கிறது. வடக்கே பார்த்தால் சகுந்தலை. ஆசிரமத்தில் வளர்ந்தவளைப் பார்த்ததுமே துஷ்யந்தனுக்கு முதல் கவலை, இவள் சத்திரியன் மணக்கத் தகுந்த குலமா என்பது. அங்கே மோதிரம், இங்கே பதக்கம்.

எனக்கு இது சுங்கச்சாவடியில் கட்டும் வரி மாதிரித் தெரிகிறது. கதை ஊருக்குள் போக வேண்டும் என்றால் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டிவிட்டு உள்ளே போனபிறகு கதை தன் வேலையைச் செய்யும். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். முத்துப்பட்டனைத்தான் அங்கே பட்டவராயன் என்று கும்பிடுகிறார்கள். அந்தச் சன்னிதியில் இன்றைக்கும் தோல் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். பூணூலைக் கொண்டுவந்து யாரும் வைப்பதில்லை. பிறப்புக் கதையை யார் வேண்டுமானாலும் செருகட்டும், சனங்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். அந்த வகையில் நான் வைகைக்கரை பக்கம்.

---

செங்காந்தள்:

அருமையான பதிவு. அந்தச் செருப்புக் காணிக்கை பற்றி எனக்குத் தெரியாது. நன்றி.

ஆனால் ஒரு வித்தியாசத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். முத்துப்பட்டன் கதையில் அது பிற்காலச் செருகல். முதலில் பாடியவர் துணிந்துதான் பாடினார், பயந்தவர்கள் பின்னால் வந்தார்கள். 'ஷிராஸ்' படத்தில் முதல் காட்சியிலேயே பதக்கம் வந்துவிடுகிறது. அவள் பெரிய இடத்துக் குழந்தை என்பது நமக்கு முதலிலிருந்தே தெரியும். இளவரசருக்குத்தான் தெரியாது. அதனால்தான் வைகைக்கரை சொல்லும் அந்த ஒரு மணி நேர மதிப்பின்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பார்ப்பவர் குயவர் வீட்டுப் பெண்ணை மதித்தாரா, வேடம் மாறிய இளவரசியை மதித்தாரா?

இதே குழுவே எட்டு வருடம் கழித்து வேறு மாதிரி எடுத்துக் காட்டியது. 1936இல் 'அச்சுத் கன்யா'. அதே ஹிமான்ஷு ராய் தயாரிப்பு, அதே ஓஸ்டன் இயக்கம், அதே நிரஞ்சன் பால் கதை. தீண்டப்படாத குடும்பத்து கஸ்தூரிக்கும் பிராமணக் கடைக்காரர் மகன் பிரதாப்புக்கும் காதல். தேவிகா ராணி, அசோக் குமார். கஸ்தூரியின் அப்பா ரயில்வே கேட்கீப்பர். அந்தப் படத்தில் பதக்கம் கிடையாது. கஸ்தூரி கடைசிவரை கேட்கீப்பர் மகள்தான். கல்யாணமும் நடக்கவில்லை. தண்டவாளத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கணவனையும் பிரதாப்பையும் காப்பாற்றப் போய் ரயிலில் அடிபட்டுச் செத்துப்போகிறாள்.

அந்தப் படமும் எனக்கு முழு நிறைவு தரவில்லை. பெண் செத்தபிறகு அவளுக்குக் கோயில் கட்டுவது நமக்குச் சுலபம். ஆனால் அதில் நேர்மை இருக்கிறது. உங்கள் சமூகம் இவளைக் கொன்றது என்று நேருக்கு நேராகச் சொல்கிறது. 'ஷிராஸ்' அதைச் சொல்லாமல் தப்பித்துக்கொண்டது.

---

பழம்படச்சுருள்:

அந்த எட்டு வருடத்தில் நடுவில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும் அம்மா.

'ஷிராஸ்' ஜெர்மனியின் ஊஃபா நிறுவனமும் லண்டனின் பிரிட்டிஷ் இன்ஸ்ட்ரக்ஷனல் ஃபிலிம்ஸும் கைகோத்த படம். பணமும் வெளியீடும் ஐரோப்பாவை நம்பி. அங்கே இருப்பவர்கள் கேட்டது கிழக்கத்திய மாயம். யானை, ஒட்டகம், பளிங்கு மாடம். நிஜ ஆக்ராவில் நிஜ வெளிச்சத்தில் எடுத்தார்கள், செட்டு போட்டு ஏமாற்றவில்லை, அது ஒரு நேர்மை. ஆனால் குயவர் வீட்டு வறுமையைப் பற்றி விசாரிக்க அந்தப் பணம் வரவில்லை. 1936இல் நிலைமை வேறு. ராய் 1934இல் பாம்பே டாக்கீஸைத் தொடங்கியிருந்தார். பார்ப்பவர்கள் இந்தியர்கள். ஹரிஜன இயக்கம் நாடெங்கும் பேசப்பட்ட காலம். வெளியே கேட்கும் குரல் மாறியதும் அதே மூவர் கையிலிருந்து வேறு கதை வந்தது.

ஆகவே தப்பித்துக்கொண்டார்கள் என்பதைவிட, அங்கிருந்துதான் நடக்கத் தொடங்கினார்கள் என்று பார்க்கவே எனக்குப் பிடிக்கும்.

---

குமரிமுனை:

எல்லாரும் திரைக்குள் நடந்ததையே பேசுகிறீர்கள். திரைக்கு வெளியே, அதே காலகட்டத்தில், எங்கள் பக்கத்தில் நடந்ததையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் திருவனந்தபுரத்தில் 'விகதகுமாரன்' என்ற மௌனப் படம் எடுத்தார். மலையாளத்தின் முதல் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோஸி. தலித் பெண். கேப்பிடல் கொட்டகையில் படம் போட்டபோது மேல்சாதியினர் பொறுக்கவில்லை. கல்லெறிந்தார்கள். ரோஸி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. ஒரு லாரியில் ஏறித் தப்பி, அந்த லாரி ஓட்டுநரையே மணந்து, நாகர்கோவில் பக்கம் வாழ்ந்து முடித்தார். மறுபடி நடிக்கவே இல்லை. அந்தப் படத்தின் சுருளும் இன்றைக்கு இல்லை.

'ஷிராஸ்' படத்தில் டாலியாவாக வருபவர் சீதா தேவி. அவர் உண்மைப் பெயர் ரெனீ ஸ்மித், ஆங்கிலோ இந்தியர். குடும்பப் பெண்கள் திரைக்கு வரத் தயங்கிய காலம் என்பதால் அவரைப் போன்ற ஆங்கிலோ இந்தியப் பெண்கள் வந்தார்கள், இந்துப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர் உயர்குடிப் பெண்ணாக நடித்ததற்கு யாரும் கல்லெறியவில்லை. ரோஸி நடித்ததற்கு எறிந்தார்கள்.

செங்காந்தள் கேட்கும் கேள்வி படத்தைப் பற்றியது மட்டுமில்லை. கீழே பிறந்தவள் என்று தெரிந்த ஒரு பெண் மேல்சாதிப் பெண்ணாகத் திரையில் நின்றால்கூடத் தாங்காத காலம் அது. ரோஸியிடம் காட்டுவதற்குப் பதக்கம் இல்லை.

---

வைகைக்கரை:

குமரிமுனை எழுதியதைப் படித்தபிறகு உடனே பதில் எழுத முடியவில்லை. "அன்புக்குப் பிறப்பு கிடையாது" என்று முதல் பதிவில் ரொம்பச் சுலபமாக எழுதிவிட்டேன். ரோஸி இருந்த ஊரில் அப்படி எழுதியிருக்க முடியாது. படம் அதைச் சொல்லிவிட்டது என்பதை வாபஸ் வாங்குகிறேன். ஆசைப்பட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

செங்காந்தள், முதல் காட்சியிலிருந்தே நமக்குத் தெரியும் என்ற உங்கள் வாதத்துக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. ஆனால் ஷிராஸ் அவளைக் காதலித்தது எந்தப் பதக்கத்தையும் பார்த்து இல்லை. அதில் நான் நிற்கிறேன்.

---

மானாமதுரைக்காரன்:

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். நான் வேளார் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகச் சக்கரம் சுற்றுகிறது. நான் இப்போது வேறு வேலைக்குப் போகிறேன், அப்பா இன்னும் செய்கிறார். இந்த விவாதம் ஆரம்பித்தபிறகுதான் படத்தைப் பார்த்தேன்.

நீங்கள் எல்லாரும் பதக்கத்தைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் பேசுகிறீர்கள். கடைசி இருபது நிமிஷத்தை யாரும் பேசவில்லை. ஷிராஸ் கிழவராகி, கண் போய், அந்த மண்டபத்தின் மாதிரியைச் செய்கிறார். பேரரசர் பார்த்து அசந்துபோகிறார். அப்புறம் என்ன உத்தரவு போடுகிறார்? இதைச் செய்தவன் இன்னொருவருக்கு இன்னொன்று செய்யக் கூடாது, கண்ணைப் பறித்துவிடுங்கள் என்று. பிறகுதான் தெரிகிறது, ஆளுக்கு ஏற்கெனவே கண் இல்லை.

அந்த இடத்தில் எனக்குக் கை நடுங்கிவிட்டது. சலீமாவை விலைக்கு வாங்கினார். ஷிராஸின் கண்ணையும் தன்னுடையதாக்கிக்கொள்ளப் பார்த்தார். எது அழகாக இருந்தாலும் அது எனக்கு மட்டும் வேண்டும். வர்க்கம் என்று நீங்கள் சொல்வது எனக்கு அங்கேதான் தெரிந்தது. அவளை ராணியாக்கினாரா இல்லையா என்பது பெரிய வீட்டுக்குள் நடக்கும் விவகாரம். செய்கிறவன் கை யாருடையது என்பதுதான் எங்கள் விவகாரம்.

கண் இல்லாமல் எப்படிச் செய்வார், சும்மா கதை என்று நினைக்காதீர்கள். எங்கள் தாத்தாவுக்குக் கடைசி ஆறேழு வருஷம் பார்வை சுத்தமாக இல்லை. சக்கரத்தில் எடுத்த பானைக்கு அடிப்பக்கம் திறந்தே இருக்கும். ஈரம் கொஞ்சம் வாங்கியதும் மடியில் வைத்து, உள்ளே ஒரு கையில் உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே தட்டுப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுவார்கள். தாத்தா அதைச் சத்தத்தை வைத்தே செய்வார். கனமான இடத்தில் தட்டினால் மொத்தென்று கேட்கும். மெலிசாகிவிட்டால் சத்தம் ஏறும், அப்போது கையை நகர்த்திவிடுவார். எங்கள் ஊரில் கடம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் காதுதான் அளவுகோல். பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். முகத்தை எங்கேயோ தெருப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தட்டுவார். பானை வட்டமாக வரும்.

அதனால் அந்தப் பேரரசருக்குத் தொழில் தெரியவில்லை என்றே சொல்வேன். கண்ணை எடுத்துவிட்டால் செய்ய முடியாது என்று நினைத்தார். செய்து காட்டியவனிடம் கண்ணே இல்லை.

---

தென்பொதிகை:

தம்பி, இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. தாஜ்மகாலைக் கட்டியவர்களின் கையை வெட்டினார்கள் என்ற கதையை ஊரெல்லாம் சொல்வார்களே, அதற்கு வரலாற்றில் ஆதாரம் கிடையாது. ஆனால் உழைக்கிற சனம் ஏன் அந்தக் கதையை விடாமல் சொல்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது புரிந்தது.

---

செங்காந்தள்:

மானாமதுரைக்காரன், உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

பதக்கத்தைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. சலீமாவுக்குச் செய்தது அநியாயமான சலுகை என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் ஷிராஸுக்குக் கல்லறை கட்டும் வேலைதான் கிடைத்தது என்று முதலில் எழுதினேனே, அதை அப்படி எழுதியிருக்கக் கூடாது. அவர் செய்த வேலையை நான் கூலி மாதிரிப் பேசிவிட்டேன். அந்தப் பேரரசர் பார்த்த மாதிரியே நானும் பார்த்திருக்கிறேன். மன்னிக்க வேண்டும்.

ஒன்று கேட்கட்டுமா? தாத்தா கண் போனபிறகு செய்தது ஏதாவது வீட்டில் இருக்கிறதா?

---

மானாமதுரைக்காரன்:

மன்னிப்பெல்லாம் எதற்கு அக்கா.

பானை எல்லாம் சந்தைக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் எதையும் வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை, விற்றால்தானே சோறு. ஒரே ஒரு தண்ணீர்க் கலயம் இருக்கிறது. சூளையில் ஒரு பக்கம் கருகிவிட்டதால் யாரும் வாங்கவில்லை. அம்மா அதில்தான் உப்பு போட்டு வைத்திருக்கிறார். கழுத்துப் பக்கம் உள்ளே விரலை விட்டால் அவர் கட்டைவிரல் அழுந்திய பள்ளம் தட்டுப்படும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.